கரும்புச் சாறு மெஷின் மோட்டாருக்கு ரிவர்ஸ் சுவிட்ச் போடுவது எப்படி?

நீங்கள் கேட்டது இது. கரும்புச் சாறு மெஷினில் பழைய 1 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார், 1440 ஆர்.பி.எம். டெர்மினல் பாக்ஸைத் திறந்தால் நாலு வயர், கூடவே கறுப்பாக உருளை வடிவில் ஒரு கெப்பாசிட்டர். கரும்பு மடங்கி ரோலரில் சிக்கினால் பின்னால் சுற்றி வெளியே எடுக்க ரிவர்ஸ் வேண்டும். ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்துப் பார்த்தும் மோட்டார் அதே பக்கம்தான் சுற்றுகிறது. ஆறு கால் உள்ள டாகிள் சுவிட்ச் ஒன்று வாங்கி வைத்திருக்கிறீர்கள், அதை எப்படி இணைப்பது? கெப்பாசிட்டரைப் பெரிதாகப் போட்டால் சிக்குவதே குறையுமா?

ரிவர்ஸ் கண்டிப்பாகப் போடலாம். அந்த டாகிள் சுவிட்ச் வேண்டாம். பெரிய கெப்பாசிட்டரும் வேண்டாம். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வயரிங்குக்கு முன்னால் ஒன்று. உங்களிடம் இருப்பது நான் நினைக்கிற வகை மோட்டார்தான் என்றால், அது ஓடிக்கொண்டிருக்கும்போது ரிவர்ஸுக்குத் தட்டினால் திரும்பாது. அதே பக்கமே ஓடிக்கொண்டிருக்கும். லேத்திலோ டிரில்லிங் மெஷினிலோ இது வெறும் எரிச்சல். கரும்பு மெஷினில் அப்படி இல்லை. விரலோ தோள் துண்டோ ரோலருக்குள் போய்விட்டால், பதற்றத்தில் கை முதலில் ரிவர்ஸ் சுவிட்சுக்குத்தான் போகும். சுவிட்ச் திரும்பிவிடும், மோட்டார் திரும்பாது, ரோலர் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே இந்த மெஷினில் ரிவர்ஸ் என்பது சிக்கிய கரும்பை எடுக்க மட்டும். கையைக் காப்பாற்ற வேண்டியது தனியாக ஒரு சிவப்பு எமர்ஜென்சி ஸ்டாப். அதையும் சேர்த்தே வயரிங் செய்வதாக இருந்தால் மட்டும் ரிவர்ஸ் போடுங்கள்.

ஏன் திரும்பாது என்று புரிந்துவிட்டால் மீதி வயரிங் எல்லாமே தானாகப் புரியும். சிங்கிள் ஃபேஸ் கரன்டை ஒரே ஒரு காயிலில் கொடுத்தால் அதன் காந்தப்புலம் சுற்றாது. ஒரே கோட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். மோட்டார் 'ம்ம்ம்' என்று உறுமும், நகராது. ஆனால் ஷாஃப்டை எந்தப் பக்கம் சுண்டிவிட்டாலும் அந்தப் பக்கம் வேகமெடுத்து ஓட ஆரம்பித்துவிடும். கால் மிதி தையல் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைக் கையால் எந்தப் பக்கம் லேசாகத் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம்தான் ஓடும். அதன்பிறகு கால் மேலும் கீழும் மிதிக்கிறதே தவிர, திசையை அது முடிவு செய்வதில்லை.

அந்த முதல் தள்ளலைக் கொடுக்கத்தான் ஸ்டார்டிங் காயிலும் கெப்பாசிட்டரும். ரன்னிங் காயிலுக்கு 90 டிகிரி தள்ளி இன்னொரு காயில் சுற்றி, அதோடு சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வழியில், ஒரு கெப்பாசிட்டர் போட்டால், அந்தக் காயிலின் கரன்ட் கொஞ்சம் முந்திக்கொள்கிறது. இரண்டு காயில், இரண்டுக்கும் இடையில் ஒரு நேர வித்தியாசம். இப்போது காந்தப்புலம் நிஜமாகவே சுற்றும். இத்தாலியின் டூரின் நகரில் கலிலியோ ஃபெராரிஸ் 1885-இல் செய்து காட்டியது இந்தத் தத்துவத்தைத்தான்.

எந்தக் காயில் முந்துகிறது, எந்த முனையிலிருந்து முந்துகிறது என்பதைப் பொறுத்துத் திசை. அதனால் திசையை மாற்ற ஒரே வழி, இரண்டு காயில்களில் ஏதாவது ஒன்றின் முனைகளை மட்டும் தலைகீழாக்குவது. இரண்டையும் சேர்த்துத் தலைகீழாக்கினால் ஒன்றும் மாறாது. ஃபேஸ், நியூட்ரலை மாற்றியபோது நீங்கள் செய்தது அதைத்தான். ரன்னிங், ஸ்டார்டிங் இரண்டும் ஒன்றாகத் திரும்பிவிட்டதால் திசை அப்படியே நின்றது.

அடுத்து, உங்கள் மோட்டாருக்குள் சென்ட்ரிபியூகல் சுவிட்ச் என்று ஒன்று இருக்கும். ரோட்டர் முழு வேகத்தில் முக்கால் பங்கு வந்ததும் அது விரிந்து ஸ்டார்டிங் காயிலைத் துண்டித்துவிடும். பிறகு ஓடுவது ரன்னிங் காயில் மட்டும். அந்த நேரத்தில் வெளியே ஸ்டார்டிங் காயிலின் முனைகளை எப்படி மாற்றினாலும், துண்டிக்கப்பட்ட காயிலைத்தான் மாற்றுகிறோம். மோட்டார் நின்று, சென்ட்ரிபியூகல் சுவிட்ச் மறுபடி மூடி, அடுத்த முறை ஸ்டார்ட் ஆகும்போதுதான் புதுத் திசை எடுபடும்.

இந்தச் சுவிட்ச் இருக்கிறதா என்று கழற்றாமலே தெரிந்துகொள்ளலாம். மெஷினைக் காலியாக ஓடவிட்டு ஆஃப் செய்து காதைக் கொடுங்கள். வேகம் குறையக் குறைய ஓரிடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். கான்டாக்ட் மறுபடி உட்காரும் சத்தம் அது. கெப்பாசிட்டரின் மேலே எழுதியிருப்பதும் காட்டிக்கொடுக்கும். கறுப்பு உருளையில் 80–100 அல்லது 100–120 மைக்ரோஃபாரட் என்று ஓர் எல்லையும், 275 வோல்ட் என்றும் இருந்தால் அது ஸ்டார்ட் கெப்பாசிட்டர். 25, 36 என்று ஒரே அளவும் 440 வோல்ட்டும் போட்டிருந்தால் அது ரன் கெப்பாசிட்டர், எப்போதும் லைனிலேயே இருப்பது. சில மோட்டாரில் இரண்டும் இருக்கும். உங்களுடையது கறுப்பு என்கிறீர்கள், நாலு வயர் என்கிறீர்கள். கெப்பாசிட்டர் ஸ்டார்ட் மோட்டார் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். மேலே இருக்கும் எழுத்தை ஒரு முறை படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சரி, வயரை அடையாளம் காண்போம். பிளக்கைப் பிடுங்குங்கள். எம்சிபியை ஆஃப் செய்தால் போதாது, பிடுங்கியே வையுங்கள். முதல் வேலை கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்வது. ஸ்க்ரூ டிரைவரை இரண்டு கால்களுக்கும் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடுவது பல பட்டறைகளில் வழக்கம். அது கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்து. ஹோல்டரில் மாட்டிய 100 வாட் குண்டு பல்பின் இரண்டு வயரையும் கெப்பாசிட்டரின் கால்களில் சில நொடி வைத்தால் போதும். ஸ்டார்ட் கெப்பாசிட்டர் சார்ஜோடு இருக்கும் என்பதைக் கவனத்தில் வையுங்கள். சென்ட்ரிபியூகல் சுவிட்ச் துண்டித்த கணத்தில் இருந்த சார்ஜ் அதிலேயே தங்கும். மோட்டார் நின்றதும் கான்டாக்ட் மூடி அது காயில் வழியாக இறங்கிவிட வேண்டும். கான்டாக்ட் கருகிப்போயிருந்தால் இறங்காது, தொடுகிறவரைத்தான் தாக்கும்.

பிறகு மல்டிமீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்து நாலு வயரையும் இரண்டிரண்டாகத் தொட்டுப் பாருங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். ஒரு முறை ரீவைண்டிங் போய் வந்த மோட்டாரில், சுற்றியவர் கையில் அன்று என்ன வயர் இருந்ததோ அதுதான் வெளியே வந்திருக்கும். ஒரு ஜோடி 2 ஓம் அளவில் காட்டும், இன்னொன்று 5 ஓம் அளவில் காட்டும் என்று வையுங்கள். இவை உதாரண எண்கள்தான். குறைவாகக் காட்டுவது ரன்னிங் காயில், தடித்த கம்பி. கூடுதலாகக் காட்டுவது ஸ்டார்டிங். கெப்பாசிட்டர் சீரிஸில் இருந்தால் அந்த ஜோடியில் மீட்டர் ஒரு கணம் ஏதோ காட்டிவிட்டு ஓப்பன், அதாவது இணைப்பே இல்லை என்று காட்டும். அப்போது கெப்பாசிட்டரின் ஒரு காலைக் கழற்றி, அதற்கு அந்தப் பக்கம் உள்ள வயரிலிருந்து அளக்க வேண்டும். அப்படியும் ஓப்பன் என்றால் சென்ட்ரிபியூகல் சுவிட்ச் கான்டாக்ட் கரிபிடித்திருக்கிறது. ரிவர்ஸைப் பற்றி யோசிக்கும் முன் அதைச் சரி செய்யுங்கள்.

டெர்மினல் பலகையில் அச்சு இருந்தால் வேலை இன்னும் சுலபம். யு1, யு2 என்பவை ரன்னிங், இசட்1, இசட்2 என்பவை ஸ்டார்டிங். கீழே நானும் இதே பெயர்களைத்தான் சொல்லப்போகிறேன். அச்சு இல்லாவிட்டால் மாஸ்கிங் டேப்பில் எழுதி நாலு வயரிலும் இப்போதே ஒட்டிவிடுங்கள். கெப்பாசிட்டர் இசட் ஜோடியில் சீரிஸில், அதாவது இசட்2-க்கும் சுவிட்சுக்கும் நடுவே வரும். இன்னொரு அளவும் எடுங்கள். நாலு வயரில் ஒவ்வொன்றுக்கும் மோட்டார் பாடிக்கும் இடையே மெக்கரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) 500 வோல்ட் போட்டுப் பார்த்தால் குறைந்தது 1 மெகாஓமாவது காட்ட வேண்டும். சாறும் ஐஸ் தண்ணீரும் தெறிக்கிற இடம் என்பதால் இதை விட்டுவிடாதீர்கள்.

நாலு வயருக்குப் பதில் மூன்று மட்டும் வெளியே வந்தால், யு-வின் ஒரு முனையும் இசட்டின் ஒரு முனையும் உள்ளேயே சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். இரண்டு காயிலும் வெவ்வேறு கனமாக இருக்கிற மோட்டாரில், அந்தக் கட்டைப் பிரித்து நாலாவது வயரை வெளியே எடுத்தால்தான் ரிவர்ஸ். ரீவைண்டிங் தெரிந்தவர் செய்து கொடுப்பார். அதை விட்டுவிட்டு ஸ்டார்டிங் காயிலையே ரன்னிங் மாதிரி நேரடி லைனில் கொடுத்தால் மெல்லிய கம்பி சூடேறிப் புகைந்துவிடும்.

இனி உங்கள் ஆறு கால் சுவிட்ச். அதில் நடுவிலுள்ள இரண்டு காலில் ஸ்டார்டிங் காயிலின் இரு முனைகள், மேலே ஃபேஸ், நியூட்ரல், கீழ்க் கால்களுக்கு மேலிருந்து குறுக்கே எக்ஸ் மாதிரி இரண்டு ஜம்பர். இந்தப் படம் எல்லா இடத்திலும் கிடைக்கும், தத்துவம் சரியும்கூட. ஆனால் இரண்டு கோளாறு. சுவிட்சை நடுவில் ஆஃபில் வைத்தால் ஸ்டார்டிங் காயில் மட்டும்தான் துண்டிக்கப்படுகிறது. ரன்னிங் காயில் லைனிலேயே இருக்கிறது. ஓடுகிற மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், நின்ற மோட்டார் உறுமிக்கொண்டு சூடேறும். ஆஃப் என்று எழுதிய இடத்தில் ஆஃப் ஆகாத சுவிட்சை ரோலர் மெஷினில் வைக்கவே கூடாது. இரண்டாவது, சின்ன டாகிளைப் படக்கென்று மறுபக்கம் தள்ளினால், பழைய கான்டாக்டில் எழும் ஆர்க் அணைவதற்குள் புதிய கான்டாக்ட் மூடிவிடலாம். குறுக்கு ஜம்பர் இருப்பதால் அந்தக் கணத்தில் ஃபேஸும் நியூட்ரலும் நேருக்கு நேர் ஷார்ட். 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர் எடுக்கும், ஸ்டார்ட் ஆகும்போது அதைப்போல் நாலைந்து மடங்கு. அதைத் தாங்க டாகிளால் ஆகாது.

வாங்க வேண்டியது த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கு விற்கிற ரிவர்ஸ் ஃபார்வர்ட் கேம் சுவிட்ச், 25 ஆம்பியர், மூன்று போல் (ஒரே குமிழில் சேர்ந்து திரும்பும் மூன்று தனித்தனி இணைப்பு வழிகள்), நடுவில் ஆஃப். எலக்ட்ரிக்கல் கடையில் ரோட்டரி என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். சிங்கிள் ஃபேஸுக்குப் போய் த்ரீ ஃபேஸ் சுவிட்சா என்று தோன்றலாம். ஆனால் நமக்கு வேண்டியதை அப்படியே செய்கிற அமைப்பு இதுதான்.

இந்தச் சுவிட்சில் மூன்று உள் டெர்மினல், மூன்று வெளி டெர்மினல். ஃபார்வர்டில் மூன்றும் நேராகப் போகும். ரிவர்ஸில் ஒன்று மட்டும் நேராகவே இருக்கும், மற்ற இரண்டும் தங்களுக்குள் இடம் மாறிக்கொள்ளும். எது மாறாத போல் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். அதனால் மேஜைமேல் வைத்து, மீட்டரை பீப் சத்தத்தில் போட்டு, இரண்டு நிலையிலும் கன்டின்யூட்டி பார்த்து அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தால் மற்றதில் தப்பு வராது.

மாறாத போலின் உள்பக்கம் ஃபேஸ். அதன் வெளிப்பக்கத்திலிருந்து யு1. யு2 சுவிட்சுக்கு வராமல் நேராக நியூட்ரலுக்குப் போகும். இடம் மாறும் இரண்டு போலில், ஒன்றின் உள்பக்கம் ஃபேஸ், இன்னொன்றின் உள்பக்கம் நியூட்ரல். ஃபேஸுக்குப் பக்கத்து டெர்மினலிலிருந்து ஒரு சின்ன லிங்க் போட்டுக்கொள்ளலாம். அவற்றின் வெளிப்பக்கம் ஒன்றிலிருந்து இசட்1, மற்றொன்றிலிருந்து கெப்பாசிட்டர் வழியாக இசட்2. அவ்வளவுதான் இணைப்பு.

மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். ஃபார்வர்டில் யு1-க்கு ஃபேஸ், இசட்1-க்கு ஃபேஸ், இசட்2 பக்கம் நியூட்ரல். ரிவர்ஸில் யு1-க்கு அதே ஃபேஸ், இசட்1-க்கு நியூட்ரல், இசட்2 பக்கம் ஃபேஸ். ரன்னிங் காயில் அப்படியே இருக்க, ஸ்டார்டிங் மட்டும் தலைகீழ். ஆஃபில் இரண்டு காயிலுக்கும் ஃபேஸ் கிடையாது. கேம் சுவிட்ச் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஆஃபைக் கடந்தே ஆக வேண்டும் என்பதால் முன்பு சொன்ன ஷார்ட் பயமும் போய்விடுகிறது.

வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் போடுங்கள். ஒவ்வொரு முனையிலும் லக் வைத்து கிரிம்ப் செய்யுங்கள். கரும்பு மெஷின் அதிர்ந்துகொண்டே இருக்கும், முறுக்கிச் செருகிய வயர் ஒரு சீசன்கூட நிற்காது. எர்த் வயர் மோட்டார் பாடிக்கும் மெஷின் ஃப்ரேமுக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். எர்த் வழியில் எந்தச் சுவிட்சும் வரக்கூடாது.

இப்போது எமர்ஜென்சி ஸ்டாப்புக்கு வருவோம். கேம் சுவிட்சுக்கு முன்னால் ஒரு டிஓஎல் ஸ்டார்ட்டர் வையுங்கள், பச்சை சிவப்பு பட்டன் உள்ளது. உள்ளே மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர் இருக்கும், அதை இயக்கும் காயில் 230 வோல்ட். அதன் காயில் லைனில், அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் குடை மாதிரியான சிவப்பு மஷ்ரூம் பட்டனின் நார்மலி க்ளோஸ்டு கான்டாக்டை (அழுத்தாதபோது மூடியிருந்து, அழுத்தினால் திறப்பது) சீரிஸில் சேர்த்துவிடுங்கள். பட்டனை அடித்தால் கான்டாக்டர் விழும், மோட்டாருக்கு வரும் மின்சாரம் மொத்தமாக நின்றுவிடும். இந்த ஸ்டார்ட்டரால் இன்னொரு பெரிய நன்மை. கரும்பு பாதியில் இருக்கும்போது மின்சாரம் போய், சிக்கியதைக் கையால் இழுத்துக்கொண்டிருக்கும்போது திரும்ப வந்தால் என்ன ஆகும்? வெறும் கேம் சுவிட்ச் என்றால் மெஷின் அந்த நொடியே ஓட ஆரம்பிக்கும். ஸ்டார்ட்டர் இருந்தால் பச்சைப் பட்டனை யாராவது அழுத்தும்வரை ஓடாது. ஸ்டார்ட்டரில் த்ரீ ஃபேஸ் ஓவர்லோடு ரிலே (கரன்ட் அளவு மீறினால் துண்டிப்பது) இருந்தால், ஃபேஸை அதன் மூன்று போல் வழியாகவும் அடுத்தடுத்து சீரிஸில் ஓட்டுங்கள். ஒரு போல் மட்டும் லோடாக இருந்தால் சில ரிலேக்கள் ஃபேஸ் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு ட்ரிப் ஆகிவிடும்.

மஷ்ரூம் பட்டன் எங்கே என்பது வயரிங்கைவிட முக்கியம். கரும்பைத் தள்ளுகிறவர் நின்ற இடத்திலிருந்து, ஒரு கை ரோலர் பக்கம் மாட்டியிருந்தாலும் மறுகையாலோ முழங்கையாலோ இடுப்பாலோ அடிக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். மெஷினுக்குப் பின்பக்கச் சுவரில் வைத்தால் பிரயோஜனமில்லை. ரோலர் வாய்க்கு முன்னால் விரல் எட்டாத நீளத்தில் தகரக் குழாயோ மூடியோ இல்லையென்றால் முதலில் அதை வெல்டிங் செய்யுங்கள், மின்சார வேலை அதற்குப் பிறகு. எல்லாவற்றுக்கும் முன்னால் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று, மின்கசிவு ஏற்பட்டால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச் அது. ஈரக் கையோடு நாள் முழுக்கத் தொடுகிற மெஷின் இது. வீட்டு லைனில் இந்த வேலையைச் செய்து பழகாதவர் என்றால், இணைப்பை நீங்கள் போட்டாலும் மின்சாரம் கொடுக்கும் முன் லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருவரைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். மோட்டார் மட்டும் ஓடட்டும். ஃபார்வர்ட் போட்டு, நின்றபின் ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். ஃபார்வர்டில் எதிர்ப்பக்கம் சுற்றினால் இசட்டின் இரண்டு வயரையும் வெளி டெர்மினலில் இடம் மாற்றினால் போதும். அப்புறம் ஓடும்போதே ரிவர்ஸுக்குத் திருப்பி ஒரு முறை பாருங்கள். ஆஃபில் நிறுத்தாமல் சட்டென்று திருப்பினால் மோட்டார் பழைய பக்கமே ஓடிக்கொண்டிருப்பதை நேரில் காண்பீர்கள். கடையில் வேலை பார்க்கிற பையன்கள் எல்லாரையும் கூப்பிட்டு இதைக் காட்டுங்கள். ஆபத்தென்றால் கை எதற்குப் போக வேண்டும் என்று வாயால் சொல்வதைவிட இது மனதில் நிற்கும். பெல்ட் மாட்டும் முன் புல்லியின் சாவியையும் கிரப் ஸ்க்ரூவையும் இறுக்குங்கள். ஒரே பக்கம் ஓடிப் பழகிய புல்லி, எதிர்ப்பக்கம் இழுக்கும்போது முதலில் தளர்வது அங்கேதான்.

கரும்பு சிக்கும்போது உள்ளே நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரோலர் திணறி மோட்டாரின் வேகம் வெகுவாகக் குறைந்ததும் சென்ட்ரிபியூகல் சுவிட்ச் மறுபடி மூடும், ஸ்டார்டிங் காயிலும் கெப்பாசிட்டரும் லைனுக்கு வந்துவிடும். மோட்டார் முக்கி உறுமும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே ஆஃப். தானாக இழுத்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். ஸ்டார்ட் கெப்பாசிட்டரின் வழக்கமான தாங்கு சக்தி மணிக்கு 20 ஸ்டார்ட், ஒவ்வொன்றும் 3 நொடி. அரை நிமிடம் உறுமவிட்டால் மேல்மூடி தூக்கி உள்ளே இருப்பது வெளியே வரும், இல்லையென்றால் ஸ்டார்டிங் காயில் கருகும். ஆஃப் செய்து, ரோலர் முழுதாக நின்றதைக் கண்ணால் பார்த்து, ரிவர்ஸில் ஓரிரு நொடி மட்டும் ஓட்டுங்கள். கரும்பு தளர்ந்ததும் மறுபடி ஆஃப், பிறகு எடுங்கள். ரிவர்ஸ் ஓடும்போது கரும்பைக் கையால் பிடித்து இழுப்பது கூடாது. அந்தப் பக்கத்து ரோலருக்கும் வாய் உண்டு.

பழைய செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் மோட்டாரைப் பற்றியும் இந்த இடத்திலேயே பலர் கேட்பார்கள். அது வேறு ரகம். மூன்று வயர்தான், ஆனால் இரண்டு காயிலும் ஒரே கனம், ஒரே சுற்று. மீட்டரில் பொது வயரிலிருந்து இரண்டு பக்கமும் சமமாகவும், அந்த இரண்டுக்கும் இடையே அதன் இரட்டிப்பாகவும் காட்டும். பொது வயர் நியூட்ரலுக்கு, மற்ற இரண்டுக்கும் குறுக்கே கெப்பாசிட்டர், 10 மைக்ரோஃபாரட் அளவில் 440 வோல்ட். ஃபேஸை எந்தப் பக்கம் கொடுக்கிறோமோ அந்தக் காயில் ரன்னிங், மற்றது கெப்பாசிட்டர் வழியாக ஸ்டார்டிங். ஒரே போல், இரண்டு பக்கம், நடுவில் ஆஃப் உள்ள சுவிட்ச் போதும். ஷட்டர் மோட்டாரும் பெரும்பாலும் இதே அமைப்புதான்.

இதில் கவனிக்க வேண்டியது, ஃபேஸ் கொடுக்காத பக்கத்து வயரும் உயிரோடுதான் இருக்கும். கெப்பாசிட்டர் வழியாக அதற்கும் வோல்டேஜ் வருகிறது, ஓடும்போது கெப்பாசிட்டரின் குறுக்கே 325 வோல்ட் வரைகூடப் போகலாம். 250 வோல்ட் கெப்பாசிட்டரைப் போட்டவர்களுக்கு அது அடிக்கடி போவதற்குக் காரணம் இதுதான். சுவிட்ச் அந்தப் பக்கம் இல்லையே என்று வயரைத் தொட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் ஃபேஸ் போகும்படி இரண்டு தனித்தனி சாதாரண சுவிட்சும் போடக்கூடாது. கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகி கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும், மோட்டார் திசை தெரியாமல் சூடேறும். அதே காரணத்தால் இப்படிப்பட்ட இரண்டு மோட்டாரை ஒரே சுவிட்சில் பேரலலாகப் போடுவதும் தவறு. ஒன்றின் கெப்பாசிட்டர் வழியாக மற்றதற்குப் பின்பக்கமாக மின்சாரம் ஏறிவிடும். இந்த மோட்டாருக்குச் சாறு பிழியும் சக்தி கிடையாது, அதனால் உங்கள் வேலைக்கு அது ஆகாது.

புது மோட்டார் வாங்கும் எண்ணம் இருந்தால் என் சிபாரிசு வேறு. 1 எச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டாரும், சிங்கிள் ஃபேஸில் வேலை செய்கிற விஎஃப்டி டிரைவும் (சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸாக்கி மோட்டாரின் வேகத்தையும் திசையையும் கட்டுப்படுத்தும் கருவி) வாங்குங்கள். பெயர்ப்பலகையில் 415 வோல்ட் ஸ்டார் என்று இருந்து ஆறு முனையும் வெளியே இருந்தால், டெல்டாவாக மாற்றி 230 வோல்ட் டிரைவில் ஓட்டலாம். கெப்பாசிட்டர் இல்லை, சென்ட்ரிபியூகல் சுவிட்ச் இல்லை, ரிவர்ஸ் என்றால் ரோலர் தானே வேகம் குறைந்து நின்று திரும்பும். கரும்பு மெஷினுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அந்த டிரைவை உங்கள் இப்போதைய கெப்பாசிட்டர் மோட்டாரில் மாட்ட முடியாது.

கடைசிக் கேள்வி, பெரிய கெப்பாசிட்டர். ஸ்டார்ட் கெப்பாசிட்டர் ஓடும்போது லைனிலேயே இல்லை என்பதால், அதைப் பெரிதாக்குவது ஓட்டத்தில் ஒரு துளி சக்தியும் சேர்க்காது. ஸ்டார்ட் ஆகும்போது காயிலில் கரன்டைத்தான் கூட்டும். பலகையில் போட்ட அளவையே போடுங்கள். சிக்குவது சாயங்காலம்தான் அதிகம் என்றால் கெப்பாசிட்டரை விட்டுவிட்டு மெஷின் ஓடும்போது மோட்டார் டெர்மினலில் வோல்டேஜை அளந்து பாருங்கள். மோட்டாரின் முறுக்கு விசை வோல்டேஜின் வர்க்கத்தோடு இறங்கும். 230-க்குப் பதில் 180 வந்தால் விசையில் 61 சதவீதம்தான் மிச்சம். மெல்லிய நீளமான எக்ஸ்டென்ஷன் வயரில் கடை ஓடுகிறதென்றால் முதலில் அதை மாற்றுங்கள். பிறகு பெல்ட் வழுக்குகிறதா, ரோலர் இடைவெளி இரண்டு ஓரத்திலும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். தடித்த கணுக் கரும்பை நெடுக்காகப் பிளந்து கொடுத்தாலே பாதிச் சிக்கல் தீரும். இவ்வளவுக்கும் பிறகு மோட்டார் திணறினால், மீட்டரில் எடுத்த நாலு வயர் அளவுகளையும் கெப்பாசிட்டர் மேலே உள்ள எழுத்தையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.